ஓடற காலும் கேக்கற வாயும்

கோயமுத்தூர் மாரத்தான்ல பாதி ஓட்டம் ஓடப் போறயாமா கண்ணு? உங்கம்மா சொல்லுச்சு. சந்தோசம். ரெண்டாவது மாடிக்கு லிஃப்ட் வரலீன்னு கீழயே நின்னு போன் பேசற புள்ள, ரோட்டுல எறங்கறதே நல்ல சேதிதான்.

பாதின்னு சொன்னதுனால சுளுவுன்னு நெனச்சுக்காத. 21 கிலோமீட்டர், அதுக்கு மேல 97½ மீட்டர். உக்கடத்துல ஏறுன பஸ்ஸு கிணத்துக்கடவு போய்ச் சேர்ற தொலவு, கிட்டத்தட்ட. அந்த 97½ மீட்டர் எதுக்குன்னு கேளு. 1908-ல லண்டன் ஒலிம்பிக் நடந்தப்ப, விண்ட்சர் கோட்டையில கெளம்பி, அரச குடும்பம் உக்காந்திருந்த எடத்துக்கு முன்னால வந்து முடிக்கற மாதிரி அளந்தாங்க. முழு ஓட்டத்துக்கு 42.195 கிலோமீட்டர் வந்துது. 1921-ல அதையே நெலையா வெச்சுட்டாங்க. அவிய சொகுசா உக்காந்து பாத்ததுக்கு, நூறு வருசம் கழிச்சு நீ மூச்சு வாங்கோணும்.

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறயா? நீ வாங்கிக் குடுத்த செல்போன்தான். வெள்ளாமை இல்லாத மாசம், எனக்கு வேற என்ன சோலி?

அதுல பாத்ததையே சொல்றேன், கேட்டுக்க. மூணு மாசத்துக்கு முன்னாலயே ஆரம்பி. வாரத்துல ஒரு நா மட்டும் நெடுக ஓடு, வாராவாரம் ஒண்ணு ரெண்டு கிலோமீட்டர் கூட்டிக்க. ரேஸ்கோர்ஸ்ல ஓடுனா ஓடு, அங்க காப்பி குடிக்கறவங்களோட உக்காந்து பழமை பேசாத. பந்தயத்தன்னிக்குப் புது ஷூவ மாட்டுனயோ, கட்டைவெரல் நகம் கறுத்துப் போயிரும். துடையிடுக்கு, கக்கம், மாருக்காம்பு மூணு எடத்துலயும் வேசலின் தடவிக்க. சிரிக்காத. வேர்த்த பனியன் உரசி உரசி, சட்டையில ரத்தக்கோடு எறங்க வந்து நிக்கறவங்க படத்த நானே பாத்தேன். தாகமில்லாம தண்ணிய மொண்டு மொண்டு குடிச்சா ரத்தத்துல உப்பு கொறஞ்சு மயங்கி உழுந்துருவ. மொத மூணு கிலோமீட்டர்ல கெழவனுங்கல்லாம் உன்னையத் தாண்டிப் போவாங்க. போகட்டும் உடு.

இதெல்லாம் காலுக்கு. இனி வாய்க்கு வர்றேன்.

இந்த ஓட்டம் 2013-ல தொடங்குச்சு, கோயமுத்தூர் கேன்சர் ஃபவுண்டேஷனுக்காக. ‘கட்டணம் கட்டிட்டேன், தருமம் முடிஞ்சுது’ன்னு இருக்கயா? எந்த ஊரு ஓட்டமானாலும் சரி, கட்டற காசுல ஒரு பங்கு உனக்கே திரும்பி வந்துருது சாமி. பனியனா வருது, வாழப்பழமா வருது, கழுத்துல தொங்கற மெடலா வருது. ஷூவுக்கும் கைக்கடிகாரத்துக்கும் நீ கொட்டுன காச உங்கம்மாகிட்ட கேட்டேன். அதுல பாதிய நேரா ஆசுபத்திரியில கட்டிட்டுப் போத்திப் படுத்திருந்தாலும் புண்ணியந்தான்.

நான் மொதல்ல அப்படித்தான் பேசிக்கிட்டுத் திரிஞ்சேன். ‘இவன் வேர்த்து ஊத்துனா அவனுக்கு எப்படிச் சீக்கு தீரும்?’னு திண்ணையில கேட்டேன், எல்லாரும் சிரிச்சாங்க. உங்கப்பத்தா மட்டும் சிரிக்கல. அப்பறந்தான் எனக்கு ஒறச்சுது. புரட்டாசியில நாமத்தப் போட்டுக்கிட்டு மடிப்பிச்சை எடுத்துத் திருப்பதி போறவங்களப் பாத்திருக்கீல்ல? தோட்டங்காடு வெச்சிருக்கறவனும் ஊட்டு வாசல்ல நின்னு ‘கோவிந்தா’ன்னு கேப்பான். அவங்கிட்டக் காசில்லாமயா கேக்கறான்? கேக்கறதுதான் வேண்டுதலே. சும்மா வந்து கேட்டா ‘போய்ட்டு அப்பறமா வா’ம்பாங்க. மெனக்கெட்டு வந்து நிக்கறவனுக்குத்தான் மொறத்துல அரிசி வரும். உன்ற ஓட்டமும் அந்த நாமந்தான் கண்ணு. அதப் போட்டுக்கிட்டு வாசல் ஏறாம கண்ணாடி பாத்துக்கிட்டிருந்தா எப்படி?

அதனால கேளு. வெக்கப்படாம கேளு. குழுவுல ஒரு படத்தப் போட்டு உட்டா எல்லாரும் கட்டவெரலத் தூக்கிக் காட்டுவாங்க, அது பேங்குல செல்லாது. ஒவ்வொருத்தரயா, பேரச் சொல்லிக் கேளு. வரிக் கழிவுக்கு 80ஜி ரசீது உண்டான்னு கேப்பாங்க. 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுத்தா அந்தக் கழிவு கெடயாது, கணக்குல போடச் சொல்லு. புது முறையில வரி கட்டறவனுக்குக் கழிவே இல்ல. அவங்கிட்ட மொதல்ல போ. அவன் குடுத்தா அது மனசறிஞ்சு குடுத்த காசு.

ஃபௌஜா சிங்னு ஒரு பஞ்சாபிப் பெரியவரு இருந்தாரு. 2011-ல டொரொன்டோவுல முழு மாரத்தான முடிச்சப்ப வயசு 100. எட்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. கொறமாசத்துல பொறந்த கொழந்தைங்களுக்காக ஓடிக் காசு சேத்துக் குடுத்த மனுசன். பொறப்புச் சான்றிதழ் இல்லைன்னு கின்னஸ்காரங்க எழுதிக்கல. எனக்கும் சான்றிதழ் இல்ல. ஒத்துமை அதோட சரி, நான் ஓடல.

ஆனா எழுதிக்க. என்ற பேருல கிலோமீட்டருக்கு நூறு ரூபா. வெள்ளாமை வருமானத்துக்கு வரியில்ல, எனக்கு ரசீதும் வேண்டாம். பாதியில ஆட்டோ ஏறுனீன்னா ஏறுன எடத்தோட கணக்கு நின்னுரும். அந்த 97½ மீட்டருக்கு உங்கப்பன்கிட்டக் கேளு. குடுக்க மாட்டான். இருந்தாலும் கேளு.