துவர்நீர்ப் படலம்: மீன்தொட்டிக் கட்டை குறித்துப் புதுக்கோட்டையை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

புதுக்கோட்டை மாவட்டத்து மீன்தொட்டிகளில் காலத்தால் மூத்தது சித்தன்னவாசல் சமணக் குகைக்கோயிலின் விதானத்தில் இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தாமரைக் குளம். மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் ஆட்கள் எல்லாம் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒருவரும் தண்ணீர் மாற்றவில்லை. அங்கங்கே பூச்சு பெயர்ந்திருக்கிறது, வண்ணம் மங்கியிருக்கிறது. நீர் மட்டும் பழுப்பாகவில்லை. அந்த ஓவியர்கள் குளத்துக்குள் யானையை இறக்கினார்களே ஒழிய, அலங்காரக் கட்டையை இறக்கவில்லை.

பின்வந்தோர்க்கு அந்த முன்யோசனை வாய்க்கவில்லை. வண்ணமீன் கடையில் 'டிரிஃப்ட்வுட்' என்று தனி அலமாரியே இருக்கிறது. மான்கொம்பு மாதிரி கிளைத்த ஒரு கட்டையைப் பேரம் பேசி வாங்கி, கூடத்துத் தொட்டியில் வைத்து, அதன் இடுக்கில் நாலு டெட்ரா மீன் நுழைந்து வருவதைக் குடும்பமே நின்று ரசிக்கும். மூன்றாம் நாள் தண்ணீர் லேசான மஞ்சள். ஒரு வாரத்தில் டீக்கடைக் கண்ணாடி கிளாஸ். அன்றைக்குப் பார்த்துத்தான் சொந்தக்காரர் யாராவது வருவார். செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்: "ஏப்பா, தண்ணி மாத்தி எவ்வளவு நாளாச்சு?"

இவ்வாராய்ச்சிக்கு மூலகாரணம் இந்த வினாவே.

முதலில் இந்தப் பழுப்பு எதனால் என்று பார்க்க வேண்டும். பூச்சியும் பூஞ்சையும் தன்னைத் தின்றுவிடாதிருக்க மரம் தன் பட்டையிலும் வைரத்திலும் சேர்த்துவைக்கும் துவர்ப்புச் சரக்குக்கு டானின் என்று பெயர். தேயிலையிலும் கடுக்காயிலும் நாக்கைப் பிடித்து இழுப்பது இதே வகைதான். ஆவாரம்பட்டையைக் கொண்டு தோல் பதனிட்டவர்கள் நம்பியதும் இதைத்தான். உயிரோடிருந்தவரை மரத்தைக் காத்த சரக்கு, மரம் செத்துத் தொட்டிக்குள் வந்த பிறகு தண்ணீரில் கசிகிறது. பெரிய கட்டையானால் மாதக்கணக்கில் கசியும்.

கட்டைகளின் வகை அடுத்து வருவது. இந்த மாவட்டத்தில் வேருக்குப் பஞ்சமில்லை. 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயல் ஆலங்குடி, வடகாடு, கொத்தமங்கலம், கீரமங்கலம் பக்கத்தில் தென்னையையும் பலாவையும் மாவையும் வேரோடு புரட்டிப் போட்டது. பலாவின் வைரம் நல்ல மஞ்சள் கொடுக்கும். தேரவாத பிக்குகளின் ஆடைக்குச் சாயமே அதில் காய்ச்சியதுண்டு. எனவே பலாவேரைத் தொட்டிக்குள் இட்டவர், மீன்களுக்குச் சன்னியாசம் கொடுத்துவைத்தவர் ஆவார். மாவட்டமெங்கும் தோப்புத்தோப்பாக நிற்கும் தைலமரமும் வாசலில் நிற்கும் வேம்பும் தொட்டிக்கு ஆகாது. எண்ணெயும் கசப்பும் மீனுக்கு எதற்கு? ஆதனக்கோட்டைப் பக்கத்து முந்திரிக் கட்டையையும் விட்டுவிடலாம். சாலையோரத்தில் கொட்டை வறுக்கிற அடுப்பு அதற்குச் சாலப் பொருந்தும். கட்டுமாவடிக் கரையில் ஒதுங்கிய கட்டை பார்க்க அழகுதான், உப்பு இறங்க வாரக்கணக்கில் நல்ல தண்ணீரில் ஊற வேண்டும். அப்படி ஊறப்போடும் சிமென்ட் தொட்டியில் தண்ணீரை அடிக்கடி மாற்றாவிட்டால் ஏடிஸ் கொசு குடியேறும், அதைத் தேடிச் சுகாதாரப் பணியாளர் வருவார்.

இனிப் பரிகாரம். 'தேற்றாங்கொட்டை போடலாமே' என்பார் ஒரு சாரார். மரபு அவர்கள் பக்கம். செம்புறாங்கல் பூமியில் மழை பெய்தால் ஊருணி சிவந்து கலங்கும். பானையின் உட்புறத்தில் இந்தக் கொட்டையை உரைத்துவிட்டால் மண் அடியில் படிந்து நீர் தெளியும். கலித்தொகை காலத்திலேயே தெரிந்த உத்தி. ஆனால் ஊருணிக் கலங்கல் என்பது நீரில் மிதக்கும் மண்துகள். கொட்டையின் சத்து அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கனமாக்கிக் கீழே தள்ளுகிறது. கட்டையின் நிறமோ நீரில் கரைந்தே போனது. அதைத் திரட்டக் கொட்டைக்குப் பிடி கிடைப்பதில்லை. ஃபில்டரில் இருக்கும் ஸ்பாஞ்சுக்கும் இதே கதி. குப்பையைப் பிடிக்கும், நிறத்தை வழியனுப்பும். பழுப்பான தண்ணீரை ஒரு கிளாஸில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கத்துக் காலண்டரின் தேதியைப் படிக்கலாம். கலங்கல் நீரில் அது முடியாது. வந்த சொந்தக்காரரிடம் இந்தச் சோதனையைச் செய்து காட்டலாம், அவர் நம்புவார் என்பதற்கில்லை.

வேகவைத்தல் இரண்டாவது. கட்டை முழுகும் அளவுக்கு ஒரு அண்டா, கீழே விறகடுப்பு. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கஷாயத்தைக் கொட்டி வேறு தண்ணீர் ஊற்றி, அது வெளுக்கும்வரை கொதிக்கவிட வேண்டும். இதில் டானின் பெருமளவு இறங்கும், ஒட்டியிருந்த பூஞ்சையும் புழுவும் ஒழியும், மிதந்த கட்டை நீர் குடித்து மூழ்கவும் தொடங்கும். பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். இரும்புச் சட்டியில் இரும்பும் டானினும் சேர்ந்தால் கிடைப்பது மை. பழைய நாளில் கடுக்காயையும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பையும் கூட்டி எழுதுமை செய்தது இந்த முறையில்தான். இத்தனை பெரிய அண்டா பொங்கலுக்கும் காதுகுத்துக்கும் மட்டுமே பரணிலிருந்து இறங்கும் பாத்திரம் என்பதால், வீட்டுக்காரம்மாவின் அனுமதியை முன்கூட்டியே பெறுவது நலம்.

தண்ணீர் மாற்றுவது மூன்றாவது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி விளிம்புவரை 56 லிட்டர் கொள்ளும். அதில் கால் பங்கு ஏறத்தாழ ஒரு குடம். வாரம் ஒரு குடம் எடுத்து ஒரு குடம் விட்டால், கட்டை மேலும் கசியாது என்று வைத்துக்கொண்டாலும், நாலு வாரம் கழித்துப் பழைய நிறத்தில் 32 சதவீதம் மிச்சமிருக்கும். கசியத்தான் செய்யும். காவிரித் தண்ணீர் எப்போது வரும் என்று வரிசையில் குடம் வைக்கிற தெருவில், ஒரு குடம் மீனுக்கு என்று சொல்லிப் பார்க்க மனோதிடம் வேண்டும். குளோரின் போக அந்தக் குடத்தை ஒரு ராத்திரி திறந்துவைக்கவும் வேண்டும்.

நிறத்தை உண்மையிலேயே பிடிப்பது கார்பன். சித்தன்னவாசல் ஓவியர்கள் கருமைக்குக் கரியைத்தான் பயன்படுத்தினார்கள். ஆயிரம் ஆண்டு கழித்து அதே கரி நிறத்தை நீக்கவும் வந்து நிற்கிறது. இஸ்திரிக்கடைக் கரி இதற்கு உதவாது. தேங்காய்ச் சிரட்டைக் கரியை நீராவியில் 800 டிகிரிக்கு மேல் சூடேற்றி, உள்ளே எண்ணற்ற நுண்துளைகள் உண்டாக்குகிறார்கள். நல்ல சரக்கில் ஒரு கிராமுக்குள் 1,000 சதுர மீட்டர் பரப்பு மடிந்து கிடக்கும். நாலு கிராமில் ஏறக்குறைய ஓர் ஏக்கர். பத்திரச் செலவில்லாமல் நிலம் வாங்க இதைவிட வழியில்லை. டானின் போய் அந்த நிலத்தில் ஒட்டிக்கொள்ளும்; மூன்று நாலு வாரத்தில் இடம் நிரம்பிவிடும், புதுக் கார்பன் போட வேண்டும்.

மீனின் கட்சியையும் கேட்க வேண்டுமல்லவா? அமேசானோடு சேரும் ரியோ நீக்ரோ ஆறு முழுக்கவே இந்தக் கஷாயம்தான். கடையில் ஜோடி விலை சொல்லும் கார்டினல் டெட்ராவுக்கு அதுவே பிறந்த வீடு. 1800இல் அந்தப் பக்கம் போன இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட், கருநீர் ஆறுகளின் கரையில் கொசுத் தொல்லை இல்லை என்று வியந்து எழுதினார். (மேற்படி சிமென்ட் தொட்டிக்கு இது சாட்சியாகாது.) ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், காய்ந்த வாதாம் இலையைக் காசு கொடுத்து வாங்கித் தண்ணீரைப் பழுப்பாக்குகிறார்கள். அதே கடையில், அதே கல்லாவில், ஒருவர் நிறம் சேர்க்க இலையும் இன்னொருவர் நிறம் போக்கக் கார்பனும் வாங்குகிறார்கள். கடைக்காரர் இருவருக்கும் 'நல்ல ஐட்டம் சார்' என்கிறார். இரண்டும் மெய்.

புதுக்கோட்டைக்கு இதில் ஒரு தனிச்சிறப்பு. ரியோ நீக்ரோ நீரில் உப்புச் சத்து மிகக் குறைவு. அதனால் டானின் அதைப் புளிப்பாக்குகிறது. குக்கர் அடியில் வெள்ளையாகப் படியும் நம் போர்த் தண்ணீரில் அந்தப் புளிப்பு எடுபடாது. நீரிலுள்ள பைகார்பனேட் அதைச் சரிக்கட்டிவிடும். ஆகவே இங்கே மீனுக்குக் கிடைப்பது அமேசானின் நிறம் மட்டும்.

தொட்டியின் பின்னால் ஒட்டும் நீலக் கடல் படம் பற்றியும் சொல்ல வேண்டும். டானின் நீல ஒளியை விழுங்குவது. நீலத்துக்கு முன்னால் பழுப்பு நின்றால் சாக்கடைப் பச்சை தெரியும். அந்தப் படத்தைக் கிழித்துவிட்டுக் கறுப்புத் தாள் ஒட்டி, விளக்கையும் மஞ்சளாக மாற்றினால், அதே தண்ணீர் வேண்டுமென்றே செய்தது போல ஜொலிக்கும். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் இரண்டு நாள் முன்பு கார்பன் போட்டுக்கொள்ளலாம். அவர்கள் காபி குடித்துக் கிளம்பிய பிறகு அதை எடுத்துவிட்டு, வாதாம் இலை ஒன்றை உள்ளே மிதக்கவிடுவதில் தடையேதும் இல்லை.