பிஜன் பார்க்கில் நான்கு சாளரங்கள்

பர்மிங்ஹாம் நகரின் நடுவில் இருக்கிறது புனித பிலிப்பு பேராலயம். அதைச் சுற்றியுள்ள புல்வெளிக்கு ஊரார் வைத்த பெயர் ‘பிஜன் பார்க்’. மதியமானால் அலுவலகக் கூட்டம் சாண்ட்விச் பொட்டலத்தோடு வந்து உட்காரும். எண்பதுகளில் அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். ஆலயத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் எல்லோரும் சாப்பிடுவோம். வெளியிலிருந்து பார்த்தால் வண்ணக் கண்ணாடி வெறும் கறுப்பாகத்தான் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றாது. மழைக்கு ஒதுங்கப் போய்த்தான் முதலில் பார்த்தேன்.

நான்கு சாளரங்களையும் வரைந்தவர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ். 1833இல், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பென்னட்ஸ் ஹில்லில் பிறந்தவர். ஞானஸ்நானம் பெற்றதும் இதே ஆலயத்தில். அவர் காலத்தில் இது பேராலயம் அல்ல, சாதாரணப் பங்கு ஆலயம். 1905இல்தான் பேராலயம் ஆனது. பீடத்துக்குப் பின்னால் நடுவில் இருக்கும் விண்ணேற்றச் சாளரம் 1885இல் வந்தது. அதன் இருபுறமும் உள்ள பிறப்பும் சிலுவைப்பாடும் 1887இல். எதிரே மேற்குச் சுவரில் இறுதித் தீர்ப்பு 1897இல். அடுத்த ஆண்டே ஓவியர் காலமானார். கண்ணாடியில் ஆக்கித் தந்தது அவருடைய நண்பர் வில்லியம் மோரிஸின் பட்டறை. பணம் கொடுத்த அம்மையார் பிறப்புச் சாளரத்தில் மாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். மாட்டுத் தொழுவக் குடில் பார்த்தே வளர்ந்த எனக்கு மாடில்லாத அந்தக் கிறிஸ்துமஸ் இன்றும் ஒரு குறைதான்.

அருகில் போய்ப் பார்த்தால்தான் வேலை புரியும். நிறம் மேலே பூசியதல்ல. கண்ணாடி உருகும்போதே கோபால்ட் சேர்ந்து நீலமாகிறது. மற்ற நிறங்களும் பெரும்பாலும் அப்படித்தான். கண், மூக்கு, உடை மடிப்பு ஆகியவற்றுக்குத்தான் பழுப்பு மை. இரும்பு ஆக்சைடும் கண்ணாடிப் பொடியும் கலந்த அந்த மையால் வரைந்து சூளையில் சுட்டால் அது கண்ணாடியோடு ஒன்றிவிடும். துண்டுகளைச் சேர்க்கும் ஈயப் பட்டைகளே கோடுகளும் ஆகின்றன. இறுதித் தீர்ப்பில் எக்காளம் ஊதும் தூதரின் காலடியில் ஒரு நகரமே சரிகிறது. அந்தச் சரிவு முழுக்க ஈயக் கோட்டில்தான் இருக்கிறது.

போர் நடந்துகொண்டிருந்த 1940இல் இந்தச் சாளரங்களைக் கழற்றி வேல்ஸில் ஒரு சுரங்கத்தில் பத்திரப்படுத்தினார்கள். அந்த நவம்பரிலேயே ஆலயத்தில் குண்டு விழுந்து கூரை எரிந்தது. சாளரங்கள் 1948இல் கீறலின்றித் திரும்பின. குண்டுக்குத் தப்பியவற்றைப் புகை பிடித்துக்கொண்டது. நான் பார்த்த நாளில் சிவப்பெல்லாம் காய்ந்த ரத்தம்போல் இருந்தது. பக்கத்துக் கோல்மோர் ரோவில் டீசல் பஸ்கள் இடைவிடாமல் ஓடிய காலம் அது.

விக்டோரியா காலத்துக் கண்ணாடியை ரசனைக் கேடு என்று ஒதுக்கியவர்கள் அப்போது நிறைய இருந்தார்கள். இப்போது நிலைமை தலைகீழ். லாட்டரி நிதியின் உதவியோடு 2023இல் நான்கையும் சுத்தம் செய்தார்கள். அதன்பின் போனபோது விண்ணேற்றத்தின் சிவப்பு கண்ணைப் பறித்தது. இத்தனை வருடம் பார்த்தும் இந்தச் சிவப்பைப் பார்க்கவில்லையே என்று நின்றுவிட்டேன்.

ஆனால் எல்லாச் சாளரத்துக்கும் இந்தப் பேறு கிடைப்பதில்லை. இங்கிலாந்தில் ஆளில்லாமல் பங்கு ஆலயங்கள் மூடப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. ஒரு சுவர்த் திறப்புக்கென்றே அளவெடுத்துச் செய்த சாளரத்தை வேறு எங்கே கொண்டுபோய்ப் பொருத்துவது? மூடும் முன்பே அதற்கும் ஒரு வழி யோசிக்க வேண்டும்.

பர்மிங்ஹாம் போனால் நியூ ஸ்ட்ரீட் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். கிழக்குச் சாளரங்களைக் காலையில் பாருங்கள். இறுதித் தீர்ப்பை வெயில் சாயும் மாலையில். உள்ளே போகக் கட்டணம் இல்லை.