பனிக்கு ஏற்ற பந்தய சைக்கிள்

பின்லாந்தின் ஔலு நகரத்தில் உறைபனியிலும் ஜனங்கள் சைக்கிளில் பள்ளிக்கும் வேலைக்கும் போகிறார்கள். 2013இல் குளிர்கால சைக்கிள் மாநாடே அங்கு நடந்தது. அங்கே பெரும்பாலும் ஓடுவது அகல டயர் போட்ட சாதாரண சைக்கிள்தான். இந்த விவரம் மட்டும் ரோடு பைக் பிரியர் காதில் விழாது. இருக்கிற வண்டியையே பனிக்கும் காட்டுப் பாதைக்கும் பழக்கிவிடலாம் என்று கிளம்புவார்.

டங்ஸ்டன் கார்பைடு ஆணி பதித்த டயர் 35 மி.மீ. அகலத்தில் வந்து இறங்கும். முன்சக்கரத்தைப் பிடிக்கும் பழைய ஃபோர்க்கோ 28க்கு மேல் இடம் தராது. அரத்தால் கொஞ்சம் தேய்த்தால் என்ன என்று ஆசாமி அதைத் தடவிப் பார்ப்பார். கார்பன் ஃபைபரிடம் அந்த விளையாட்டு செல்லாது. ஆகவே புது ஃபோர்க். அதற்கு டிஸ்க் பிரேக், அதற்குப் புதுச் சக்கரம். பின்பக்கமும் டயர் உரசுகிறது, ஆகவே சட்டமே புதிது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

இனி சாலையில் தூவிய உப்பு செயினைத் தின்னும். கடுங்குளிரில் பின்சக்கரத்து ஃப்ரீஹப்பில் கிரீஸ் இறுகினால் உள்ளே கொக்கி பிடிக்காது. பெடல் சும்மா சுற்றும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். பிரெஞ்சுக்காரர்கள் கெட்டிக்காரர்கள். 1902இலேயே சேற்றுச் சைக்கிள் பந்தயத்துக்குத் தேசியப் போட்டி வைத்தார்கள். வழி மோசமானால் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவது அதில் கௌரவமான காரியம்.

நம் பிரியர் தூக்க மாட்டார். "அதே பழைய வண்டிதான், சின்னச் சின்ன மாற்றம்" என்பார். பழையதில் மிஞ்சியது சீட் மட்டும். அது முதல் நாளிலிருந்தே அவருக்குச் சரிப்படவில்லை.