டாமனி மலையில் வழுக்கி விழுவது எப்படி?

முதல் வேலை, மலையை மட்டமாக எடை போடுவது. நியூ ஜெர்சியின் மேற்கு ஓரத்தில், டெலவேர் ஆறு கிட்டட்டினி மலைத்தொடரை அறுத்துக்கொண்டு போகிற இடத்தில் நிற்கிறது மவுண்ட் டாமனி. உயரம் 1,526 அடி. ஏற்காடே ஐயாயிரம் அடியைத் தொடுகிறது. "இதையெல்லாம் எங்க ஊர்ல மேடுன்னுதான் சொல்வோம்" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு சேலத்துக்காரர் எழுதுவார். அவரையே தலைவராகப் போடுங்கள். ஏற்காட்டுக்கு அவர் பஸ்ஸில்தான் போனார் என்பதைக் கிளற வேண்டாம்.

கிளம்பும் நேரத்தை வாக்கெடுப்புக்கு விடுங்கள். காலை ஏழு மணி ஜெயிக்கும். ஓக் ட்ரீ ரோட்டில் இட்லி முடித்து, எடிசன் நகரைவிட்டு வண்டிகள் நகரப் பத்தரை ஆகிவிடும். மலையடிவாரத்தில் கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றியதுபோக, முதல் அடி வைக்கும்போது மணி பன்னிரண்டரை. டிசம்பர் கடைசியில் அங்கே நாலரை தாண்டியதும் சூரியன் மறைந்துவிடும். டார்ச் எதற்கு, போன் இருக்கிறதே! குளிரில் பேட்டரி படுத்துவிடும் என்பது போன் அணைந்த பிறகு தெரிந்தால் போதும். அதை உடம்போடு ஒட்டிய உள்பையில் வைத்துச் சூடாகக் காப்பாற்றுகிறவர்கள் கடைசிவரை படம் எடுத்துக் கடுப்பேற்றுவார்கள்.

உடைக்கு ஜீன்ஸும் உள்ளே பருத்தி பனியனும் உத்தமம். ஏறும்போது வியர்க்கும். பருத்தி அதைக் குடித்துவிட்டு லேசில் விடாது. உச்சியில் நின்றதும் அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்ச ஆரம்பிக்கும். கம்பளியோ பாலியெஸ்டரோ போட்டு வந்தவருக்கு இந்தப் பாக்கியம் இல்லை. வெளியே 20 டிகிரி ஃபாரன்ஹீட் என்று கார் திரை காட்டியதை நம்புங்கள். மேலே மணிக்கு 20 மைல் வேகத்தில் காற்றடித்தால் தோலுக்கு அது 4 டிகிரி.

காலுக்கு ஜிம் ஷூ. ஷூவுக்கு மேல் மாட்டுகிற இரும்புப் பல் வைத்த மைக்ரோஸ்பைக்ஸ் வீண் செலவு. ஒரு குடும்பம் ஓட்டலில் சாப்பிடுகிற காசு அது!

வழி இரண்டு. நீலப்புள்ளி அடையாளமிட்ட வழி நீளம், ஆனால் சரிவு குறைவு. சிவப்புப்புள்ளி வழி ஒன்றரை மைலுக்குள் ஏறக்குறைய 1,200 அடி ஏறும், எல்லாம் பாறை. பகலில் உருகிய ஸ்னோ ராத்திரியில் உறைந்து அந்தப் பாறைகள்மேல் கண்ணாடியாகக் கிடக்கும். தலைவர் ஏறவும் சிவப்பு, இறங்கவும் சிவப்பு என்பார், தெரிந்த வழியாம். நம் கதை அங்கேதான் சூடுபிடிக்கிறது. புடவைமேல் ஜாக்கெட்டும் தலையில் குரங்குக் குல்லாவுமாக ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், ஒரு ஓக் மரத்தைக் கட்டிப்பிடித்தபடி நிற்பார். "மாப்ள, இன்னும் எவ்வளவு தூரங்க?" "இதோ வந்தாச்சுங்க அத்தை, அஞ்சே நிமிஷம்!" இந்த அஞ்சு நிமிஷத்தை அடிவாரம்வரை சொல்லலாம். மற்றவர்கள் உட்கார்ந்த வாக்கில் தேய்த்துக்கொண்டே இறங்குவார்கள். ஜீன்ஸ் தாங்கும், உள்ளே இருப்பவர் தாங்குவது அவரவர் வயதைப் பொறுத்தது. இங்கே கருங்கரடிகள் உண்டு. ஆனால் இந்தக் குளிரில் அவை பெரும்பாலும் குகைக்குள் படுத்துக் கிடக்கும். அந்த அளவுக்கு அவற்றுக்கு விவரம் இருக்கிறது.

சாப்பாட்டுக்குத் தயிர்சாதம் கட்டுங்கள். உச்சியில் அதில் கரண்டி தானாக நிற்கும். தண்ணீர் மேலிருந்துதான் உறையும், அதனால் பாட்டிலைத் தலைகீழாகச் செருகினால் மூடிப்பக்கம் சீக்கிரம் உறையாது. இதை யாருக்கும் சொல்லிவிடாதீர்கள். ஃபிளாஸ்கில் சூடாக மிளகு ரசம் கொண்டு வருகிறவரை மட்டும் நான் கிண்டல் செய்யமாட்டேன். அன்று குழுவில் அவர் ஒருவர்தான் புத்திசாலி.

காட்சியைப் பற்றிப் பொய் சொல்ல மனம் வரவில்லை. இலை உதிர்ந்த காட்டில் ஆறு முழுசாகத் தெரிகிறது, எதிரே பென்சில்வேனியாவின் மவுண்ட் மின்சி, கீழே 80ஆம் நெடுஞ்சாலையில் எறும்பளவு லாரிகள். பூர்வகுடிகளான லெனாபி மக்களின் தலைவர் டாமனெண்ட் பெயரைத்தான் இந்த மலை தாங்கியிருக்கிறது. செல்ஃபிக்காக எல்லோரும் இறங்குகிற அந்தப் பாறை வெளிப்பக்கமாகச் சரிந்திருக்கும். ஸ்னோ மூடினால் பாறை எங்கே முடிகிறது என்றே தெரியாது. அங்கே இன்னும் ஒரு அடி பின்னால் போகச் சொல்லிப் படமெடுக்காதீர்கள். இது கிண்டல் இல்லை. எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.