தாத்தாவுக்குக் கிடைத்த வேலை

கேள்வி: டிசம்பர் பிறந்தாலே சூளூர்பேட்டை லோக்கலைப் பிடித்துச் சென்னை ஜவுளிக்கடைக்கு ஓடுகிறோம். இதில் இயேசு பிறந்தது யாருக்கு ஞாபகம் இருக்கிறது? (ஒரு வாசகர், தடா)

பதில்: கடைக்காரருக்கு நன்றாகவே இருக்கிறது, தேதி தவறாமல் தள்ளுபடி போடுகிறாரே! வேடிக்கை என்னவென்றால், கடை வாசலில் மணியாட்டும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் நம்ம சபை ஆள்தான். இன்றைய துருக்கியிலிருக்கும் மைராவின் ஆயர் நிக்கோலஸ். சீதனமில்லாமல் தவித்த மூன்று பெண்கள் வீட்டில் ராத்திரியோடு ராத்திரியாகப் பணமுடிப்பைப் போட்டுவிட்டுப் போனாராம். அப்படிப்பட்டவரை 1920-களிலேயே கோகோ கோலா விளம்பர வேலைக்கு எடுத்துக்கொண்டது. இன்னும் ரிட்டயர் ஆகவில்லை, பாவம்.

குடிலின் கதையும் இப்படித்தான். 1223-ல் இத்தாலியின் கிரேச்சோவில் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் வைக்கோலும் மாடும் கழுதையும்தான். இன்று சீரியல் செட் இல்லாமல் மாடுகூட உள்ளே வராது!

துணி எடுங்கள், தப்பில்லை. கூடவே ஒரு சட்டை, ஸ்ரீசிட்டி பக்கம் கட்டட வேலைக்கு வந்திருக்கும் வெளியூர்க்காரர் பிள்ளைக்கு. நிக்கோலஸ் பாணியில், பெயர் சொல்லாமல். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தீர்களோ, அது கோகோ கோலா கணக்கில் போய்விடும்.