சோழர் மட்டும் திறக்கவில்லை

எங்கள் காலாண்டிதழுக்கு எத்தனை வாசகர்கள் என்று கேட்டால் ஆசிரியர் ஐயா காபி சாப்பிடுகிறீர்களா என்பார். ஆனால் எங்களுக்கும் ஓர் இணையதளம் உண்டு. பன்னிரண்டு வருடமாக ஒரு விண்டோஸ் சர்வரில் குடியிருந்தது. வாடகை ஏறியதும், லினக்ஸுக்குப் போனால் பாதிக் காசு மிச்சம் என்று யாரோ ஐயாவின் காதில் போட்டுவிட்டார்கள். ஆசிரியர் குழுவிலேயே கம்ப்யூட்டரைச் சரியாக அணைக்கத் தெரிந்தவன் நான்தான் என்பதால் வீடு மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது.

ஒரு சனிக்கிழமை ராத்திரி எல்லாவற்றையும் இறக்கி, புது இடத்தில் ஏற்றினேன். பால் காய்ச்சாத குறைதான். முகப்பைத் திறந்தால் 403, உள்ளே வர அனுமதியில்லை என்கிறது. பழைய வீட்டில் வாசல் கோப்புக்கு 'டிஃபால்ட்' என்று பெயர். புது வீட்டு வெப் சர்வரான அப்பாச்சி தேடுவது 'இண்டெக்ஸ்'. பெயரை மாற்றியதும் கதவு திறந்தது. உள்ளே படங்கள் ஒன்றையும் காணோம்.

கேமரா தானாக வைக்கிற பெயரில் ஜேபிஜி என்பது பெரிய எழுத்தில் இருக்கும். நான் பக்கங்களில் சின்ன எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். விண்டோஸ் நம் ஊர் போஸ்ட்மேன் மாதிரி. இனிஷியல் தப்பாக இருந்தாலும் 'வாத்தியார் வீட்டுக் கடுதாசிதானே' என்று திண்ணையில் போட்டுவிட்டுப் போய்விடும். லினக்ஸோ, ஆதாரில் ஒரு இனிஷியல், பாஸ்புக்கில் ஒரு இனிஷியல் என்று நம்மைத் திருப்பி அனுப்புகிற கவுண்டர். பெரிய எழுத்தில் ஒரு கோப்பு, சின்ன எழுத்தில் ஒரு கோப்பு என்றால் அதன் கணக்கில் இரண்டு பேர்.

ஐயாவிடம் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

"எழுத்துல பெரிசு சின்னது பாக்குற மொழியில பேர் வெச்சா இப்படித்தான் ஆகும். தமிழ்ல அந்தப் பேதமே கிடையாது. எல்லாத்தையும் தமிழ்ல மாத்துப்பா."

யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது. ராத்திரி பகலாக உட்கார்ந்து கோப்புகளுக்கும் சுட்டிகளுக்கும் தமிழ்ப் பெயர் சூட்டினேன். கடைசி நாளில் என் மடிக்கணினி படுத்துவிட்டது. பென்டிரைவில் இருந்ததை அக்கா மகனின் பழைய மேக்கில் போட்டு, அங்கிருந்து ஏற்றினேன்.

மூவேந்தர் சிறப்பிதழைத் திறந்தேன். சேரர் வந்தார். பாண்டியர் வந்தார். சோழர் பக்கத்தில் மட்டும் 404.

ஐயா தஞ்சாவூர்க்காரர். "யார் வேலை இது?" என்றார்.

கொலு வரவில்லை, தோசை வரவில்லை, கோலம் வரவில்லை. கோப்புப் பட்டியலில் எல்லாம் ஜம்மென்று உட்கார்ந்திருக்கின்றன. ஓர் எழுத்து பிசகில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டும் பார்த்தேன். கடைசியில் அச்சகத்துத் தம்பிதான் வந்து மர்மத்தை உடைத்தான்.

"அண்ணே, 'சோ'வுல முன்னாடி ஒரு கொம்பு, பின்னாடி ஒரு கால் இருக்குல்ல? யூனிகோடுல ரெண்டையும் சேர்த்து ஒரே குறியாவும் எழுதலாம், தனித்தனியாவும் எழுதலாம். பாக்க ஒண்ணுதான். பழைய மேக்கோட எச்எஃப்எஸ் பிளஸ் இருக்கே, அது கோப்புப் பேரைப் பிரிச்சுத்தான் வெச்சுக்கும். உங்க சுட்டியில சேர்ந்து இருக்கு. லினக்ஸ் எழுத்தைப் பாக்காது, பைட்டைத்தான் பாக்கும்."

பள்ளிக்கூடத்தில் 'பிரித்து எழுதுக' கேள்விக்கு நான் முழு மார்க் வாங்கியதில்லை. அந்தக் கணக்கு இன்னும் பாக்கி இருந்திருக்கிறது போலும். சேரருக்குக் கொம்பு மட்டும், பாண்டியருக்குக் கால் மட்டும். கொம்பும் காலும் சேர்ந்து வாய்த்த ஒரே வேந்தர் சோழர்; அதனால்தான் அவருக்கு மட்டும் இந்தக் கதி.

இதற்கு நடுவில் ஐயாவின் தலைப்பு ஒன்று ஏறவே மாட்டேன் என்றது. லினக்ஸில் ஒரு கோப்பின் பெயருக்கு 255 பைட்தான் இடம். தமிழில் க என்றால் 3 பைட். அதன் மேல் வைக்கிற புள்ளிக்குத் தனியாக இன்னொரு 3. ஆக 85 குறியோடு கதை முடிந்தது. ஐயாவுக்கு 85 குறியில் முன்னுரையின் மூச்சே முடியாது.

"பேசாம நம்பர் போட்டுடுங்கண்ணே" என்றான் தம்பி. இதழ் ஒன்று, இதழ் இரண்டு, அவ்வளவுதான். ஐயா ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டுச் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை: தமிழ் எண்தான் போட வேண்டும். பெயர் மாற்றும் வேலையையும் அவரே பார்த்துக்கொள்வார். என் மேல் நம்பிக்கை போய்விட்டது என்று அதற்கு அர்த்தம்.

௧ முதல் ௰ வரை அழகாக ஏறி நின்றன. சுட்டிகளை நான் போட்டேன். சோழர் வந்தார், கொலு வந்தது, தோசை வந்தது. ஏழாம் இதழும் எட்டாம் இதழும் வரவில்லை. பட்டியலில் ௭ இருக்கிறது, ௮ இருக்கிறது. அரை மணி நேரம் முறைத்துவிட்டு ஐயாவுக்குப் போன் போட்டேன்.

"ஐயா, ஏழு எட்டு மட்டும் எப்படி அடிச்சீங்க?"

"மத்த எண்ணையெல்லாம் தேடிப் பிடிக்கிறதுக்குள்ள உயிர் போயிடுச்சுப்பா. நல்லவேளை, எ-வும் அ-வும் கீபோர்டுலயே இருந்துச்சு."