ஏழு கையெழுத்தில் தொடங்கிய சங்கம்

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் காலனிக்கு ஒரு நலச் சங்கம் பதிவானது. 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் கையெழுத்துப் போட்டால் சங்கம் அமைத்துவிடலாம். அந்த ஏழில் ஒன்று அப்பாவுடையது. அவர்தான் முதல் செயலாளர்.

அன்றைய சென்னையில் கவுன்சிலர் என்று ஒருவரே கிடையாது. மஸ்டர் ரோல் எனும் கூலியாள் வருகைப் பதிவேட்டில் ஊழல் என்ற புகாரில் 1973-ல் மாமன்றத்தைக் கலைத்தார்கள். அடுத்த தேர்தல் 1996-ல்தான் நடந்தது. 1688-ல் உருவான, நாட்டிலேயே பழைய மாநகராட்சி அது. 23 ஆண்டுகள் அதை அதிகாரிகளே நடத்தினார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்லத் தனி ஆள் போனால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். லெட்டர்பேடு, ரப்பர் ஸ்டாம்ப், பதிவு எண் மூன்றோடும் போனால் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்வார்கள். அப்பாவின் தலைமுறைக்குச் சங்கம் தேவைப்பட்டதற்குக் காரணம் இதுதான்.

பிள்ளையார் கோயில் மண்டபத்தில் ஜமக்காளம் விரித்து ஞாயிற்றுக்கிழமை மாலை கூட்டம் நடக்கும். தீர்மானத்தை உரக்கப் படிப்பார்கள். வந்தவர்கள் எல்லோரும் மினிட்ஸ் நோட்டில் கையெழுத்திடுவார்கள். அந்த நோட்டுகள் இன்றும் என்னிடம் இருக்கின்றன. பெரும்பாலான கூட்டங்களில் முதல் பொருள் தண்ணீர். ஆனால் விடிகாலையில் எழுந்து அடிபம்பில் வரிசை போட்ட அம்மாக்களில் ஒருவரின் கையெழுத்தும் அந்தப் பக்கங்களில் இல்லை. அந்தக் காலத்துச் சங்கத்தைப் பொற்காலம் என்று யார் சொன்னாலும் இந்த நோட்டைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

ஆனால் பூங்கா அவர்கள் காப்பாற்றியது. காலனி மனைகளாகப் பிரிக்கப்பட்டபோது பெருநகர் வளர்ச்சிக் குழுமமான எம்.எம்.டி.ஏ அங்கீகரித்த வரைபடத்தில் பூங்காவுக்கென்று ஓர் இடம் விடப்பட்டிருந்தது. சாலைகளைப் போல அதுவும் தானப் பத்திரத்தின் மூலம் மாநகராட்சிக்குப் போக வேண்டிய நிலம். பத்திரம் பதிவாவதற்குள் ஒருநாள் அதில் யாரோ சிலர் கல்தூண் நட்டு முள்வேலி போட்டுவிட்டார்கள். கேட்டால் தங்கள் பட்டா நிலம் என்றார்கள். சங்கத்துப் பெரியவர்கள் சண்டைக்குப் போகவில்லை. வரைபடத்தின் சான்றிட்ட நகலை வாங்கினார்கள். சங்கச் செலவில் சர்வேயர் வைத்து அளந்தார்கள். வீடுவீடாகக் கையெழுத்து வாங்கினார்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தார்கள். பதிவுத் தபாலில் அனுப்பிய ஒவ்வொரு மனுவுக்கும் வந்த ஒப்புகை அட்டையை அப்பா தேதிவாரியாகக் கோத்து வைத்தார். வேலி அகலப் பல வருஷம் ஆயிற்று. அதற்குள், சங்கத்துக்காக வழக்கும் தொடுத்திருந்த இருவர் காலமாகிவிட்டார்கள். இன்று அந்தப் பூங்காவில் ஊஞ்சல் ஆடும் குழந்தைகளுக்கு அவர்கள் பெயர் தெரியாது. எனக்குத் தெரியும். அவர்கள் பெயரைச் சொல்ல எனக்கு என்றும் அலுக்காது.

1996-ல் கவுன்சிலர்கள் வந்தார்கள். இனிச் சங்கம் எதற்கு என்று காலனியிலேயே சிலர் கேட்டார்கள். சந்தா குறைந்தது. 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது வீடுவீடாகப் போய் விளக்கியதோடு ஓரளவு உயிர் வந்தது.

2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு நகரமே லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தபோது வார்டுக்குக் கவுன்சிலர் இல்லை. கொரோனா வந்தபோதும் இல்லை. எந்தத் தெருவுக்கு எந்த நாள் லாரி என்று பேசி முடித்ததும், தனியாக இருந்த முதியவர்களுக்கு மருந்து வாங்கிக் கொடுத்ததும் எங்கள் சங்கத்துப் பையன்கள்தான். அப்போது நான் செயலாளர் ஆகியிருந்தேன்.

இன்று எங்களிடம் இருக்கும் கருவிகள் அப்பாவுக்குக் கிடைக்காதவை. பத்து ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால், மழைநீர் வடிகாலுக்கு எவ்வளவு மதிப்பீடு, எவ்வளவு ஆழம் என்று முப்பது நாளில் பதில் தர வேண்டும். பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். ராத்திரியில் தார் போட வந்த ஒப்பந்தக்காரரின் ஆட்களிடம் அந்த அறிவுறுத்தலின் நகலை நீட்டி, டேப்பால் அளந்து காட்டித்தான் எங்கள் வீடுகள் பள்ளமாகாமல் பார்த்துக்கொண்டோம்.

இருந்தும் எங்களுக்குள் ஒரு குறை வளர்ந்துவிட்டது. காலனியில் தனி வீடுகள் பல இப்போது அடுக்குமாடிகள். குடியிருப்பவர்களில் பெரும்பகுதி வாடகைக்கு வந்தவர்கள். ஆனால் சங்க விதிப்படி வீட்டுச் சொந்தக்காரருக்கு மட்டுமே ஓட்டு. அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் உறுப்பினர். இங்கே இருந்து மழைத்தண்ணீரை மிதிப்பவர் உறுப்பினர் இல்லை.

சில வருஷம் முன்பு, பாதுகாப்புக்காகத் தெருமுனையில் கேட் போட்டுப் பூட்ட வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளிக்கு வரும் வழி அது. தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் பெண் என்னை நிறுத்திக் கேட்டாள்: "எங்க புள்ளைங்க மெயின் ரோட்ட சுத்தியாக்கா போவணும்? லாரி எப்படிப் போவுதுன்னு நீங்களே பாக்கறீங்க இல்ல?" அவள் கேட்டதை அவள் வாயாலேயே சொல்லட்டும் என்று கூட்டத்துக்கு அழைத்தோம். முகம் சுளித்தவர்கள் உண்டு. அவள் பேசி முடித்தபின் ஓட்டெடுப்பில் தீர்மானம் தோற்றது. மாநகராட்சிக்குச் சொந்தமான சாலையைப் பூட்ட எந்தச் சங்கத்துக்கும் அதிகாரம் இல்லை என்பதை அதன்பிறகுதான் சிலர் ஒப்புக்கொண்டார்கள்.

சட்டம் எங்களைவிட முன்னே போயிருக்கிறது. 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டம் அமைக்கச் சொல்லும் நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகள் குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும். அதே குழுவில் குடியிருப்போர் சங்கங்களுக்கும் இடம் உண்டு. இஸ்திரி வண்டி எங்கே நிற்கலாம் என்பதை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டும். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-ல் சட்டமே வந்துவிட்டது. எங்கள் செயற்குழுவில் இன்னும் அந்தப் பாதி வரவில்லை. 2022-ல் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தில் பகுதி சபைகள் கூடின. அங்கே சொந்த வீடா, வாடகையா என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பகுதியின் வாக்காளராக இருந்தால் எழுந்து பேசலாம்.

ஆகவே உங்கள் தெருவில் சங்கம் இருந்தால், அடுத்த பொதுக்குழுவில் வாடகைதாரருக்கு ஓட்டுரிமை தரும் விதித் திருத்தத்தை முன்மொழியுங்கள். பகுதி சபை எப்போது கூடுகிறது என்று கவுன்சிலரிடம் கேட்டு, தேதியைத் தெருவில் எழுதிப் போடுங்கள். தனியாகப் போகாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரையும், வாசலில் காய்கறி விற்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.